காதுக்கு வந்த எண்கள்

குறும்பி என்ற சொல் இப்போது சென்னையில் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. காது அழுக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தமிழ் அகராதியில் குறும்பியும் இருக்கிறது, அதை எடுக்கும் சின்னக் கரண்டிக்குக் குறும்பிவாங்கி என்ற தனிப்பெயரும் இருக்கிறது. மயிலாப்பூரில் ஒருவருக்குக் குறும்பி சேர்ந்து காது அடைத்துக்கொண்டால் முதலில் இரண்டு சொட்டு எண்ணெய், பிறகு ஹேர்பின், அதுவும் இல்லாவிட்டால் பட்ஸ் (காதுக்குள் எதையும் விடாதீர்கள் என்று டாக்டர்கள் எவ்வளவு சொன்னாலும் சரி). அதற்கும் அடங்கவில்லை என்றால் தெருமுனை டாக்டர். அவர் எடுத்துவிடுவார், ஃபீஸ் வாங்கிக்கொள்வார், அத்தோடு விஷயம் முடிந்தது. எங்கேயும் ஒரு எண் எழுதப்படுவதில்லை.

இதே குறும்பி அமெரிக்காவில் ஒருவரின் காதை அடைத்தால் கதையே வேறு. வலது காதில் என்றால் எச் 61.21, இடது காதில் என்றால் எச் 61.22, இரண்டிலும் என்றால் எச் 61.23. எந்தக் காது என்று டாக்டர் எழுத மறந்துவிட்டால் எச் 61.20. கருவி கொண்டு அதை எடுத்ததற்கு 69210 என்று இன்னொரு எண். தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தால் 69209. இந்த எண்களைப் போடுகிறவர் பல சமயம் அமெரிக்காவிலேயே இருப்பதில்லை. சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்தில், மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ படித்துவிட்டு வேலைக்கு வந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ போடுகிறார். மெடிக்கல் கோடிங், மெடிக்கல் பில்லிங் என்கிற இந்தத் தொழில் சென்னைக்கு வந்த வழி நீளமானது. அது தொடங்குவது ஆஸ்பத்திரியில் அல்ல, சாவுக் கணக்கில்.

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று பட்டியல் போட்டார்கள். பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்லும் வேலை பெரும்பாலும் வயதான பெண்களிடம் விடப்பட்டிருந்தது. மருத்துவம் படித்தவர்கள் அல்ல. அந்தப் பட்டியல்களை ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி உட்கார்ந்து கூட்டிக் கழித்து 1662ல் ஒரு புத்தகமாகப் போட்டார். நோய்ப் புள்ளிவிவரம் என்ற துறைக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். பிறகு 1830களின் கடைசியில் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்த வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தால் கணக்கே பார்க்க முடியாது, எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்று வாதாடினார். 1853ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு பட்டியலைத் தயாரிக்கச் சொல்லி அவரையும் ஜெனிவாவின் மார்க் தெஸ்பினையும் கேட்டுக்கொண்டது. உலகம் உண்மையில் ஏற்றுக்கொண்ட பட்டியல் வர இன்னும் நாற்பது வருடம் ஆனது. பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் 1893ல் சிகாகோ கூட்டத்தில் வைத்த பட்டியல் அது.

அந்தப் பட்டியலில் காது எங்கே இருந்தது? 1909ல் வந்த திருத்தத்தில் காது நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்தான். 76. அதுவும் நரம்பு மண்டல நோய்களின் வரிசையில், கண்ணுக்கு அடுத்ததாக. காது வலி, காதில் சீழ், காதுக்குப் பின்னால் எலும்பு அழுகுவது எதுவானாலும் 76தான். இதில் ஒரு நியாயமும் உண்டு. அது சாவுப் பட்டியல். ஆன்டிபயாடிக் வராத காலத்தில் காதில் பிடித்த சீழ் எலும்பைத் தின்று மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லும். அப்படி இறந்தவர்களுக்கு ஓர் எண் தேவைப்பட்டது. ஆனால் செவிட்டுத்தன்மை யாரையும் கொல்வதில்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தை எழுபது வயது வரை வாழ்ந்து மாரடைப்பில் இறந்தால் பட்டியலில் மாரடைப்புதான் ஏறும். அந்த எழுபது வருட மௌனம் எந்தக் கணக்கிலும் வராது!

1948ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பட்டியலைத் தன் கையில் எடுத்துக்கொண்டு ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தபோதுதான் இது மாறியது. சாவோடு சேர்த்து, கொல்லாத நோய்களும் முதல்முறையாகப் பட்டியலில் வந்தன. காதுக்கு 390 முதல் 398 வரை எண்கள் கிடைத்தன, கேளாமைக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனாலும் காது நரம்பு மண்டலத்தின் வாலாகத்தான் தொடர்ந்தது. ஒன்பதாவது திருத்தத்திலும் அப்படியே. 380 முதல் 389 வரை, அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்கள். 1990 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பத்தாவது திருத்தத்தில், அதாவது ஐ.சி.டி. 10ல், காதுக்குத் தனி அத்தியாயமே வந்தது. எட்டாவது அத்தியாயம், எச் 60 முதல் எச் 95 வரை. எச் என்ற எழுத்தின் முதல் பாதி கண்ணுக்குப் போய்விட்டதால், எழுத்தை மட்டும் இன்னும் கண்ணோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதுவரை எண்ணுக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்த முடிச்சைப் போட்டது அமெரிக்கா. அங்கே மருத்துவச் செலவைப் பெரும்பாலும் காப்பீடு கொடுக்கிறது. கொடுப்பவருக்கு இரண்டு கேள்வி: நோயாளிக்கு என்ன, டாக்டர் என்ன செய்தார். முதல் கேள்விக்குப் பதில் ஐ.சி.டி. எண். இரண்டாவதற்குப் பதிலாக அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966ல் சி.பி.டி. என்ற இன்னொரு எண் வரிசையை வெளியிட்டது. மேலே சொன்ன 69210 அந்த வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பணம் வரும், பொருந்தாவிட்டால் வராது. 1983ல் முதியோருக்கான மெடிகேர் திட்டம், ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு ஆன செலவைப் பார்க்காமல் நோயின் வகைக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு நோயின் எண்தான் ஆஸ்பத்திரியின் வருமானம். 1996ல் வந்த ஹிப்பா சட்டத்தின்படி 2003 அக்டோபரிலிருந்து மின்னணு பில்களில் எல்லோரும் ஒரே எண் தொகுப்புகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றாகியது. காகிதம் கம்ப்யூட்டருக்குள் போனதும், அது எந்த ஊரில் இருக்கிறது என்பது முக்கியமில்லாமல் போய்விட்டது.

சென்னை ஏற்கெனவே தயாராக இருந்தது. 1990களின் கடைசியில் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் இங்கே வந்திருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்துப் பேச்சை நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்யும் வேலை. அதற்குப் பின்னால் பில்லிங்கும் கோடிங்கும் வந்தன. தி.நகரில் கணினி வகுப்பு போர்டுகளுக்கு நடுவே மெடிக்கல் கோடிங் பயிற்சி என்ற போர்டுகளும் ஏறின. பி.எஸ்சி. உயிரியல் படித்தவருக்கு அதுவரை ஆய்வுக்கூட வேலை, மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, பி.எட். என்று சில வழிகள்தான் தெரிந்திருந்தன. இது புதிதாக ஒரு வழியைத் திறந்தது. தொழிலுக்குள்ளும் இரண்டு சாதி உண்டு என்று அங்கே வேலை செய்பவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கோடர் பெரும்பாலும் பகலில் வருவார், டாக்டரின் குறிப்பைப் படித்து எண் போடுவார். ஏ.ஆர். காலர் ராத்திரியில் வருவார், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, கொடுக்காத பணத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்குக் குறும்பியே நல்ல உதாரணம். டாக்டரின் குறிப்பில் காதில் அழுக்கு இருந்தது, எடுத்தேன் என்று மட்டும் இருந்தால் 69210 போடக்கூடாது. குறும்பி இறுகி அடைத்திருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். கருவி பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது டாக்டரைப் பார்க்க வந்த கட்டணத்திலேயே அடங்கிவிடும். அன்றைக்கே நோயாளியை வேறு காரணத்துக்காகவும் பரிசோதித்திருந்தால் 25 என்ற ஒட்டு எண்ணைச் சேர்க்க வேண்டும். 2014ல் இன்னொரு குழப்பம் வந்தது. அதுவரை 69210 என்றால் ஒரு காதோ இரண்டு காதோ ஒரே எண். அந்த ஆண்டு முதல் அது ஒரு காதுக்கு மட்டும் என்று மருத்துவச் சங்கம் மாற்றியது. அப்படியானால் இரண்டு காதுக்கு இரண்டு மடங்கு வர வேண்டும் அல்லவா? மெடிகேர் மட்டும் அதை ஏற்கவில்லை. இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே தொகைதான் என்று சொல்லிவிட்டது. ஒரே வேலைக்கு ஒரு நிறுவனம் இரண்டு காது என்கிறது, இன்னொன்று ஒரு காது என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து போன் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றம் 2015 அக்டோபர் 1ல் வந்தது. உலகின் பல நாடுகள் 1994க்குப் பிறகு ஒவ்வொன்றாக ஐ.சி.டி. 10க்கு மாறிவிட்டன. அமெரிக்கா 1999ல் இறப்புச் சான்றிதழ்களை மட்டும் மாற்றியது. பில்கள் பழைய ஒன்பதிலேயே ஓடின. செத்தவர்களுக்குப் புதிய எண், உயிரோடு இருப்பவர்களுக்குப் பழைய எண் என்று பதினாறு வருடம்! மாறும் நாளை முதலில் 2013 என்றார்கள், பிறகு 2014, பிறகு 2015. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் சென்னை அலுவலகங்களில் பயிற்சி அட்டவணையும் தள்ளிப்போனது. சுமார் 14,000 நோய் எண்கள் இருந்த இடத்தில் சுமார் 68,000 வந்தன. அதில் பெரும் பங்கு வலது, இடது என்று பிரித்ததால் வந்தது. குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் நடுக்காதுச் சீழை எடுத்துக்கொள்ளலாம். செவிப்பறை கிழியாத புதுச் சீழுக்குப் பழைய புத்தகத்தில் 382.00 என்று ஒரே எண். புதிய புத்தகத்தில் அது எட்டாகப் பிரிந்தது. வலது, இடது, இரண்டும், குறிப்பிடவில்லை என நான்கு. திரும்பத் திரும்ப வருவதானால் அதே நான்கு மறுபடியும். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று டாக்டர் எழுதியிருந்தால் அதற்கும் தனி எண் சேர்க்கச் சொல்லிப் புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது. ஓஹையோவில் ஒரு குழந்தையின் அப்பா வீட்டுக்குள் புகைபிடிப்பது தி.நகரில் பயிற்சி பெற்ற ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

எண் இருந்தால் பணம் வந்துவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. முதுமையில் காது மந்தமாவதற்கு எச் 91.1 என்று அழகாக ஓர் எண் உண்டு. ஆனால் மெடிகேரை உருவாக்கிய 1965ம் ஆண்டு சட்டமே காதொலிக் கருவிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று விலக்கிவைத்தது. வழக்கமான மெடிகேரில் அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது.

சரி, இந்தக் கணக்கெல்லாம் போடும் அதே சென்னையில் சென்னைவாசியின் காதுக்கு என்ன கணக்கு?

நோய் வருமுன் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி வைத்துக்கொள்ளும் யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958ல் தொடங்கிய வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ், அடையாறு வட்டாரத்தில் வி.எச்.எஸ். என்று எல்லோருக்கும் தெரிந்த மருத்துவமனை, குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா வாங்கி வைத்தியம் பார்க்கும் திட்டத்தை நடத்தியது. இல்லாதவர் கொஞ்சம், இருப்பவர் கூட. பொதுத்துறை நிறுவனங்களின் மெடிக்ளெய்ம் 1986ல்தான் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால் சஞ்சீவி எவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறார் என்பது புரியும். அவருக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மெடிக்ளெய்ம் வகைக் காப்பீட்டில் அடிப்படை விதி, 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும் என்பது. காது நோய்க்கு யார் படுக்கிறார்கள்? வலி, சீழ், இரைச்சல், தலைசுற்றல் எல்லாமே போய்ப் பார்த்துவிட்டு வரும் நோய்கள். அறுவைச் சிகிச்சை என்றால்தான் காப்பீட்டின் கண்ணில் காது படும். நவீன முறையில் அதுவும் ஒரே நாளில் முடிந்துவிடுவதால், 24 மணி நேரம் தேவையில்லாத சிகிச்சைகள் என்று தனிப் பட்டியல் போட்டார்கள். பல நிறுவனங்களின் பாலிசியில் அந்தப் பட்டியல் நடுக்காது அறுவைச் சிகிச்சையில்தான் தொடங்குகிறது. பாலிசியைப் படிப்பவர்கள் குறைவு என்பதால் இது பலருக்குத் தெரியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013ல் கொண்டுவந்த பொதுவான கோரிக்கைப் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்ப வேண்டிய பகுதியில் ஐ.சி.டி. 10 எண்ணுக்கும் கட்டம் இருக்கிறது. ஆக, மயிலாப்பூர்க் காதுக்கும் ஒருவழியாக எண் வந்தது, ஆனால் கத்தி வைத்தால் மட்டும்.

கத்தி வைக்கும் நிலைக்கு வருவதற்கு முன்னால் எத்தனையோ காதுகள் வருடக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டிருக்கின்றன. நாட்பட்ட நடுக்காதுச் சீழ் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2004ல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் அந்த நோய் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது. அதுதான் மிக மோசமான வரிசை. சளி, நெரிசலான வீடு, சத்துக்குறைவு, பாதியில் நிறுத்திய மருந்து என்று காரணங்கள் எல்லாம் ஏழைகளைச் சுற்றியே வருகின்றன. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் சொல்வது பாதி கேட்காமல் மக்கு என்று பேர் வாங்கும் பையனுக்கு இருப்பது மக்குத்தனம் அல்ல, எச் 66 ஆக இருக்கலாம். அதை யாரும் எழுதிவைக்காததால் யாருக்கும் தெரிவதில்லை. தேசிய அளவில் கேளாமைத் தடுப்புத் திட்டம் 2007லும், குழந்தைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. பரிசோதனைத் திட்டம் 2013லும் வந்தன. இரண்டாவதில் தேடிப் பார்க்க வேண்டிய குறைகளில் நடுக்காதுச் சீழும் பிறவிக் கேளாமையும் இருக்கின்றன.

பிறவிக் கேளாமையில் இந்த ஊருக்குப் பழைய உறவு உண்டு. அடையாறு சாஸ்திரி நகரில் உள்ள பாலவித்யாலயா 1969ல் தொடங்கியது. சைகை இல்லாமல், மிச்சமிருக்கும் கேட்கும் திறனை வைத்தே சின்னக் குழந்தைகளைப் பேசவைக்கும் பள்ளி. மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி 1970ல் தொடங்கியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம், உள்காதில் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சைக்குப் பேர் பெற்றது. அவருக்கு 2006ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அந்தக் கருவியின் விலை பல லட்சம். நடுத்தரக் குடும்பமே நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

2009 ஜூலை 23ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரி 11ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மறுவடிவம் பெற்றது. 1,016 சிகிச்சைகள் அதில் பட்டியலிடப்பட்டன. அமெரிக்க முறையில் நோய்க்கு ஓர் எண், செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். இங்கே சிகிச்சைக்கு ஒரு பெயர், அதற்கு ஒரு மொத்தத் தொகை, பேக்கேஜ். பட்டியலில் சிகிச்சை இருக்க வேண்டும், முன் அனுமதி கிடைக்க வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட்டும் அந்தப் பட்டியலுக்குள் வந்தது. மத்திய அரசும் 2014 ஏப்ரல் முதல் தன் உதவி உபகரணத் திட்டத்தில், ஆண்டுக்கு 500 குழந்தைகள், ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை என்று இதைச் சேர்த்தது. ஓர் ஆட்டோ டிரைவரின் குழந்தைக்குக் காது கேட்பது, பட்டியலில் ஒரு வரி சேர்ந்ததால் நடந்தது. வரிகளும் எண்களும் வறட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அந்த அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தவுடன் குழந்தை பேசிவிடாது, அதன்பின் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு அலைவதும் பெரும்பாலும் அந்த அம்மாதான். அந்த அலைச்சலுக்குப் பேக்கேஜ் கிடையாது.

ஒரு காது மட்டும் போனவர் நிலைமை விசித்திரமானது. அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு பக்க நரம்புக் கேளாமைக்கு எச் 90.41 வலது, எச் 90.42 இடது என்று தெளிவாக இருக்கிறது. இந்தியாவின் 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமோ இரண்டு காதிலும் 70 டெசிபெல் இழப்பு என்றால் காது கேளாதவர், இரண்டு காதிலும் 60 முதல் 70 என்றால் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. சதவீதக் கணக்கில் நல்ல காதின் இழப்பை ஐந்தால் பெருக்கி, கெட்ட காதின் இழப்பைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். (இந்த வாய்ப்பாடும் அமெரிக்காவில் புழங்குவதுதான்.) ஒரு காது முழுக்கப் போய் இன்னொன்று நன்றாக இருந்தால் விடை 17ஐத் தாண்டாது. சலுகைகளுக்கு 40 வேண்டும். தி.நகர் உஸ்மான் சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பஸ் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் சட்டப்படி அவருக்கு ஒன்றும் இல்லை.

உலகப் பட்டியல் இதற்குள் பதினொன்றாவது திருத்தத்துக்குப் போய்விட்டது. 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரி 10ல் டெல்லியில், ஆயுர்வேதம், சித்தம், யுனானி நோய்ப் பெயர்களுக்கான பகுதி அதில் சேர்க்கப்படுவதற்காக வெளியிடப்பட்டது. 2025ம் ஆண்டுப் பதிப்பில் அது இடம்பெற்றது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வருபவரின் நோயையும் இனி உலகப் பட்டியலில் தேடலாம். இறப்புக் காரணமாக மட்டும் அந்தப் பகுதியின் எண்களைப் போடக்கூடாது என்பது விதி. சாவுப் பட்டியலாகப் பிறந்த ஒன்றில், சாவுக்குப் பயன்படாத எண்கள்!

அமெரிக்க பில்கள் இன்னும் பத்திலேயே இருக்கின்றன. அதனால் தி.நகர் வகுப்புகளிலும் பாடம் பத்துதான். காது அத்தியாயம் வந்ததும் டாக்டர் குறிப்பில் முதலில் தேடச் சொல்வது நோயின் பெயரை அல்ல. வலதா, இடதா, இரண்டுமா என்பதை.